அத்தைக்கு வரும் கோடி: பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு வழக்கம்

மணமாகிப் போன பெண் இறந்தால், அவள் பிறந்த வீட்டார் கொண்டுவந்து உடல்மேல் போர்த்தும் புதுச்சேலைக்குப் பிறந்த வீட்டுக் கோடி என்று பெயர். அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் கொண்டுவருவார்கள். அவர்களும் போய்விட்டிருந்தால் அந்தப் பொறுப்பு அவர்களுடைய பிள்ளைகளுக்கு வரும். எண்பது, தொண்ணூறு வயதுவரை வாழ்ந்த பெண்களுக்கு உடன்பிறந்தவர்கள் மிஞ்சியிருப்பது அரிது. அதனால் மூத்த பெண்ணுக்குக் கோடி போடுவது, பெரும்பாலும் அவளை அத்தை என்று அழைத்து வளர்ந்தவர்களின் கடமையாகிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்த வீடு பக்கத்து ஊரில் இருக்கும். சொல்லி அனுப்பினால் பொழுது சாய்வதற்குள் கோடி வந்துவிடும். பெங்களூரில் அது மலையேறி வர வேண்டியிருந்தது. இந்த ஊர்த் தமிழர்கள் எப்படி வந்தார்கள், தாங்கள் விட்டுவந்த ஊரோடு எப்படி உறவு வைத்துக்கொண்டார்கள், வீட்டுப் பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்கவில்லை என்பதையெல்லாம் இந்த ஒரு சேலையின் வழியே பார்க்க முடியும்.

பெங்களூரில் தமிழ் இன்று நேற்று வந்ததல்ல. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் சோழர், போசளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தர்மராயர் கோயில் கரகத்தைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துவரும் திகளர்கள் தமிழ் வேருள்ள தோட்டக்காரச் சமூகத்தினர். ஆனால் பெருங்கூட்டமாகக் குடியேற்றம் நிகழ்ந்தது 1809இல் பிரிட்டிஷார் இங்கே படைவீடு அமைத்த பிறகுதான். அந்தப் பகுதியைத் தமிழரும் கன்னடரும் தண்டு என்றே அழைத்தார்கள். சிவாஜிநகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயில் பெயரில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. சிப்பாய்கள், அவர்களுக்குத் தானியமும் துணியும் கொடுத்த வணிகர்கள், கொத்தனார்கள், வண்ணார்கள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள் என்று வேலூர், ஆற்காடு, ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடம் பெங்களூருக்கு மாறியது. 1884இல் தொடங்கிய பெங்களூர் உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில்ஸ், பிற்காலத்தில் பின்னி மில் என்று பெயர் பெற்றது. அதுவும் அதைப் போன்ற ஆலைகளும் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளை உண்டாக்கின. அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், பின்னிப்பேட்டை என்று தமிழர் தெருக்கள் பரவியது இப்படித்தான்.

இந்தக் குடும்பங்கள் வேலைக்காக வந்தனவே தவிர, பெண் கொடுத்துப் பெண் எடுத்தது ஊரில்தான். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை ரயில் பாதை திறந்ததும் இந்தப் போக்குவரத்து எளிதானது. ஆம்பூரில் பிறந்த பெண் அல்சூருக்கு வாழ வருவாள். அல்சூரில் பிறந்தவள் குடியாத்தத்துக்குப் போவாள். அத்தை மகன், மாமன் மகள் என்ற உரிமையில் நடந்த கல்யாணங்கள் இந்தப் பிணைப்பை இன்னும் இறுக்கின. இது தமிழர் மட்டும் வைத்திருந்த முறை அல்ல. கன்னடரும் தெலுங்கரும் இதே முறையினர். 1980களில் பெங்களூர், மைசூர் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் கல்யாணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை என்று காட்டியது. அத்தை என்பவள் அப்பாவின் அக்காள் தங்கை மட்டுமல்லாமல், நாளை மாமியார் ஆகக்கூடியவளாகவும் இருந்தாள். பிறந்த வீடு அவளைக் கடைசிவரை விடாமல் பிடித்துவைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தைக்குப் பிறந்த வீட்டில் உள்ள உரிமை, அந்த வீட்டுக் குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. அண்ணன் தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சைப் போடுபவள் அவள்தான். நாத்தனார் முடிச்சு என்பது அது. அண்ணன் மகள் வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டில் முதலில் தண்ணீர் ஊற்றுவதும், மருமகன் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை ஏந்துவதும் பல வீடுகளில் அவள் உரிமை. இதற்கு ஈடாகப் பிறந்த வீடு செலுத்துவது சீர். தலைப்பொங்கலுக்கு, ஆடிக்கு, கார்த்திகைக்கு அரிசியும் வெல்லமும் சேலையும் போகும். பெங்களூரில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் கன்னட வீடுகளில் கௌரி ஹப்பா கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி வரும். அவற்றை முறத்தில் வைத்துப் பாகினம் என்று கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பழக்கத்தைப் பார்த்துத் தமிழ் வீடுகளும் அந்த நாளில் அத்தைகளுக்குப் பணமும் சேலையும் அனுப்பத் தொடங்கின.

எல்லா அத்தைகளும் புகுந்த வீட்டில் வாழ்ந்து முடித்தவர்கள் அல்லர். பெண்ணுக்கு ஏழு, எட்டு வயதில் கல்யாணம் செய்துவைத்த காலத்தில், வாழத் தொடங்குமுன்பே கைம்பெண்ணாகி அப்பா வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். மைசூர் அரசு 1894இல் குழந்தைத் திருமணத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மணம் செய்வதையும், ஐம்பது கடந்த ஆண் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணை மணப்பதையும் அது தடுத்தது. அன்றைய நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு அந்த வயது வரம்புகளே சாட்சி. அப்படித் திரும்பிவந்தவர்கள் அண்ணன் பிள்ளைகளை வளர்த்தார்கள், பேறுகாலம் பார்த்தார்கள், அடுப்படியைச் சுமந்தார்கள். தலைமுறை கடந்ததும் அத்தைப்பாட்டி ஆனார்கள். கூலியில்லாத அந்த உழைப்பின்மேல்தான் பல பெரிய குடும்பங்கள் நின்றன. அதைக் குடும்ப வரலாறுகள் சொல்லாமல் விட்டது பெரிய அநியாயம். சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, இளம் விதவைகளுக்கு விடுதி தொடங்கியதை நாடு அறியும். அவரோடு இருந்து அந்த வீட்டை நடத்திய அவருடைய சித்தி வாலாம்பாளும் ஒரு விதவையே. சித்தி இல்லாமல் அந்த விடுதி ஓடியிருக்காது. அதே வகைச் சித்திகளும் அத்தைகளும் பெங்களூரின் மல்லேசுவரத்திலும் பசவனகுடியிலும் பெயர் வெளியே தெரியாமல் வாழ்ந்து மறைந்தார்கள்.

சாவு நேர்ந்ததும் முதல் வேலை பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது. கிராமத்தில் இந்த வேலை தலித் மக்கள் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தது. சேதியைச் சுமந்து வெயிலில் மைல் கணக்கில் நடந்தவருக்குக் கிடைத்தது கொஞ்சம் நெல்லோ சில்லறையோதான். தண்டில் குடியேறிய தலித் குடும்பங்களுக்குப் படையிலும் ஆலையிலும் கிடைத்த சம்பளம், அந்தக் கட்டாயத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி. நகரத்தில் தந்தி அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினாலே தெருவில் அழுகை தொடங்கிவிடும் அளவுக்கு, தந்திக்கும் சாவுக்கும் உறவு இருந்தது. 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவை மூடப்பட்டபோது, அதற்கு வெகு காலம் முன்பே தொலைபேசி அந்த இடத்தைப் பிடித்திருந்தது. தந்தியிலும் சிக்கல் இருந்தது. ஐஸ் பெட்டி வராத காலத்தில் உடலை நெடுநேரம் வைத்திருக்க முடியாது. காலையில் தந்தி கொடுத்து, அது குடியாத்தம் போய்ச் சேர்ந்து, அவர்கள் ஜவுளிக்கடையில் சேலை எடுத்து, ரயிலைப் பிடித்துத் தண்டு ஸ்டேஷனில் இறங்கும்வரை வீடு காத்திருக்கும். “கோடி வந்தாச்சா?” என்று பெரியவர்கள் வாசலில் கேட்டபடி இருப்பார்கள். பல குடும்பங்களில் அது வராமல் பாடையைத் தூக்க மாட்டார்கள்.

கோடி வருவது தனி ஊர்வலம். பிறந்த வீட்டார் நேரே வீட்டுக்குள் நுழைவதில்லை; தெருமுனையில் நின்றுகொள்வார்கள். பறையடிப்பவர்களும், பெங்களூரில் தமட்டைக்காரர்களும், முன்னே சென்று அவர்களை அழைத்துவருவார்கள். பித்தளைத் தட்டில் மடிப்புக் கலையாத சேலை, அதன்மேல் பூச்சரம், மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய். இன்னொரு தட்டில் அரிசி. கணவன் உயிரோடிருக்க இறந்தவளுக்கு மஞ்சளோ சிவப்போ அரக்கோ கலந்த சேலை எடுப்பார்கள். கைம்பெண்ணாக இறந்தவளுக்கு வெளிர்நிறம். பெண்கள் எதிர்கொண்டு வந்து, இரண்டிரண்டு பேராகத் தோள் கட்டி, தலை சாய்த்து அழுவார்கள். உடலைக் குளிப்பாட்டிய பிறகு அந்தச் சேலை முழுசாகப் போர்த்தப்படும். வேறு உறவுக்காரர்கள் போட்ட துணிகளையும் மாலைகளையும் சுடுகாட்டில் எடுத்துவிடுவார்கள். பிறந்த வீட்டுக் கோடியைப் பெரும்பாலும் உடலோடு விட்டுவிடுவார்கள். நிறைவாக வாழ்ந்தவளின் சாவைக் கல்யாணச் சாவு என்பார்கள். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து உடலைச் சுற்றிவருவார்கள்.

அவள் வாழ்க்கையைச் சொல்வதற்கு அங்கே ஒரு கலை இருந்தது. ஒப்பாரியில் பெண்கள் அப்போதைக்கப்போது கட்டிப் பாடுவது இறந்தவளின் கதையைத்தான்: எந்த ஊரில் பிறந்தாள், எத்தனை பேருக்கு அக்காள், எந்த வயதில் வண்டியேறி வந்தாள், யாருக்குப் பிரசவம் பார்த்தாள், எந்தத் தம்பி பொங்கலுக்குச் சீர் அனுப்ப மறந்தான். கடைசிச் சேதி வேண்டுமென்றே சொல்லப்படும். அந்தத் தம்பி அங்கேயே நின்றுகொண்டிருப்பான். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குக் கிடைத்த வாழ்க்கை வரலாறு இது ஒன்றே. அடுக்குமாடி வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று குரலை அடக்கத் தொடங்கியதும் ஒப்பாரி மங்கிவிட்டது. அதற்கு ஈடாக இன்னொன்று வரவில்லை. சுவரொட்டியில் உள்ள கண்ணீர் அஞ்சலியில் படமும் தேதியும் பெயர்ப்பட்டியலும் இருக்கும், வாழ்க்கை இருக்காது. 2018இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு பெங்களூர் மாநகராட்சி ஃபிளெக்ஸ் பலகைகளை அகற்றியது. இப்போது அந்த அஞ்சலிகள் கைபேசிக்குள் சுற்றுகின்றன.

அடக்கம் நடக்கும் இடங்கள் குடியிருப்பைப் பொறுத்தவை. அல்சூர், இந்திரா நகர் பக்கத்தவர்களுக்குப் பழைய மதராஸ் சாலைப் பக்கம் கல்பள்ளி. ஸ்ரீராம்புரத்தாருக்கு ஹரிச்சந்திர காட். நகர நடுவில் இருப்பவர்களுக்கு வில்சன் கார்டன். புதைப்பது வழக்கமாக இருந்த பல சமூகங்கள், நகரத்தில் இடம் சுருங்கியதும் மின் தகனத்துக்கு மாறின. எரித்த பிறகு சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி மேற்கே திரும்பி ஓடும் பச்சிம வாகினியில் கரைப்பது பெங்களூரில் எல்லா மொழிக்காரர்களுக்கும் பொது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டார் மறுபடியும் வருவார்கள். அத்தையின் மகன்களுக்குத் தலைப்பாகை கட்டுவது மாமன் வீட்டு உரிமை.

கிறித்தவத் தமிழர் வீடுகளில் சடங்கு வேறானாலும் உறவு அதேதான். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தைச் சுற்றியுள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள், இறந்தவளுக்கு முப்பதாம் நாள் பூசை வைக்கும்போது பிறந்த வீட்டாரை முன்வரிசையில் உட்கார வைக்கின்றன. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்குக் கல்பள்ளியிலும் ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டங்களிலும் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சுயமரியாதை இயக்கக் குடும்பங்கள் சடங்கை விட்டுவிட்டுப் படத்திறப்பு வைத்தன. இறந்தவளின் படத்தைத் திறந்துவைத்து, தெரிந்தவர்கள் எழுந்து அவளைப் பற்றிப் பேசும் கூட்டம் அது. ஒப்பாரி மறைந்த இடத்தை ஓரளவு நிரப்பக்கூடியது இந்தப் படத்திறப்புதான். பெண்களுக்கும் அதை நடத்தத் தொடங்கியது நல்ல மாற்றம்.

ஆண்டுதோறும் நினைப்பதில்தான் அத்தைக்குக் குறை வைத்தார்கள். திதி கொடுப்பது மகனின் கடமை. மகன் இல்லாத அத்தைக்கு ஆண்டுத் திதி தரப் பெரும்பாலும் யாரும் இல்லை. பிராமண வீடுகளில் அத்தை இறந்தால் மருமகனுக்குத் தீட்டு ஒன்றரை நாள் மட்டுமே. ஆனால் புரட்டாசி மகாளய பட்சத்தில் செய்யும் தர்ப்பணத்தில் காருணிய பித்ருக்கள் என்று ஒரு வரிசை உண்டு. சித்தப்பா, மாமா, குரு, நண்பன் ஆகியோரோடு அத்தைக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அதில் எள்ளும் தண்ணீரும் இறைக்கப்படும். கர்நாடகத்தில் மகாளய அமாவாசை அரசு விடுமுறை. கன்னட வீடுகளில் அன்றைக்கு மூத்தோருக்குப் புதுத்துணியும் சமைத்த உணவும் படையலாக வைப்பார்கள். தமிழ்நாட்டில் அந்த விடுமுறை கிடையாது. ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்த பெங்களூர்த் தமிழர்களுக்கு, செத்துப்போனவர்களை நினைக்க ஒரு முழு நாளைக் கொடுத்தது அவர்கள் குடியேறிய ஊர்தான்.

இதைவிட நெருக்கமான நினைவு, கல்யாணத்துக்கு முன்னால் நடக்கும் படையலில் இருக்கிறது. வடாற்காட்டு வழிக் குடும்பங்கள் வீட்டில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகின்றன. புதுச்சேலை, மஞ்சள், வளையல், அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைத்து, நல்ல காரியம் தடையின்றி நடக்க வேண்டுவார்கள். பிராமண வீடுகளில் சுமங்கலிப் பிரார்த்தனை. இரண்டிலும் சாமிக்கு வைத்த சேலையை வீட்டுப் பெண்களில் ஒருத்தி உடுத்திக்கொள்வாள். பிறந்த வீடு தன் பெண்ணுக்குச் சேலை கொடுப்பது அவள் சாவோடு நின்றுவிடவில்லை என்பதை இதில் காணலாம்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்த வழக்கம் முழுவதும் அறுந்தது. பெங்களூரில் கோவிட் இரண்டாம் அலையில் கல்பள்ளி, வில்சன் கார்டன், பனசங்கரி, சுமனஹள்ளி மயானங்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. நகரத்துக்கு வெளியே கிட்டேனஹள்ளியில் திறந்தவெளித் தகனமேடைகள் அமைக்க வேண்டி வந்தது. உடல் மருத்துவமனையிலிருந்து உறையோடு நேரே மயானத்துக்குப் போனது. மாநிலம் கடந்து வர முடியாததால் ஆம்பூரிலும் வேலூரிலும் எடுத்த கோடிச் சேலைகள் அந்தந்த வீடுகளிலேயே தங்கின. அந்த ஜூனில், யாரும் வந்து வாங்காத 500க்கும் மேற்பட்டவர்களின் சாம்பலைக் கர்நாடக அரசே மளவள்ளி வட்டம் பெளகவாடியில் காவிரியில் கரைத்தது.

சேலை தவறாமல் வந்தது. சொத்து வரவில்லை. பெண்ணுக்குச் சீரும் கோடியும் உண்டு, நிலத்தில் பங்கு இல்லை என்பதே பழைய கணக்கு. மைசூர் அரசு 1933இல் கொண்டுவந்த இந்துப் பெண்கள் உரிமைச் சட்டம் அன்றைய இந்தியாவில் முன்னோடியானது. பாகப்பிரிவினையில் தாய்க்கும் விதவைக்கும் மணமாகாத மகளுக்கும் அது பங்கு கொடுத்தது. மணமாகிப் போனவள், அதாவது அத்தை, அதில் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் சொந்தச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. பூர்விகச் சொத்தில் மகனுக்கு இருந்த பிறப்புரிமையைத் தரவில்லை. அதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலும், கர்நாடகம் 1994 ஜூலை 30 முதலும் மகள்களுக்கு வழங்கின. இரண்டு சட்டங்களும் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களை விலக்கிவைத்தன. இரண்டு மாநிலங்களிலும் ஒரே வாசலில் நிறுத்தப்பட்டவள் அத்தைதான். போதாக்குறைக்கு, கிடைத்த பங்கையும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர்கள் பலர். பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர்களும் கோடியைக் கொண்டுவந்தவர்களும் ஒருவரே என்பதை மறைத்துச் சொல்ல முடியாது. பங்கு கேட்டால் உறவு போய்விடும், நாளைக்குக் கோடி போட ஆள் வராது என்ற பயமே பல பெண்களின் கையைப் பத்திரத்தில் வைக்கச் செய்தது.

மணமானவள், ஆகாதவள் என்ற வேறுபாட்டை 2005 செப்டம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் நீக்கியது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பாலேயே வருகிறது என்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆனால் 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அந்தச் சட்டம் தொடுவதில்லை.